சிவப்புத் துணியும் அரை அடியும்

தவம் மரக்கோலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் அதன் அடிநுனியிலிருந்து அளவு நாடாவை மேலே இழுத்து, ஐந்தாவது அடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். என் மனைவி சரசுவின் பழைய சட்டையில் கிழித்த சிவப்புத் துணியை அந்தக் கோட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தேன்.

“இறுக்கிக் கட்டுங்கோ அண்ணை. உது வழுகிச்சுதெண்டால் நானும் சேந்து வழுகுவன்,” என்றான் தவம்.

“வழுகாது. நான் கட்டினால் கட்டினதுதான்,” என்றேன்.

காலை ஏழு மணி இருக்கும். கீரிமலைக்கு மேற்கே, கடற்கரை றோட்டு முடிகிற இடத்தில் எங்கள் கொட்டில். உடைந்த பிளாஸ்டிக் வள்ளங்களுக்கு ஒட்டுப் போடுவதுதான் அப்போது என் தொழில். ஒட்டுகிற றெசின் பசையின் மணம் உடுப்பில் ஏறி, சோற்றிலும் மணக்கும். வருஷம் எண்பத்தைந்தாக இருக்கலாம். எண்பத்தாறு என்று சரசு இன்றைக்கும் சண்டை பிடிப்பாள். எண்பத்தேழில் வந்த இந்திய ஒப்பந்தத்துக்கு முன்னர் என்பதில் மட்டும் எங்களுக்குள் ஒற்றுமை.

மரக்கோலைக் காணாத வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துக் கடல் பரவைக்கடல். கனதூரத்துக்கு நெஞ்சளவு, இடுப்பளவு தண்ணீர்தான். அங்கே துடுப்புக்கு வேலை குறைவு. பன்னிரண்டு, பதின்மூன்றடிக் கம்பொன்றை அடிமணலில் ஊன்றித் தள்ளிக்கொண்டு போவார்கள். வள்ளத்தைத் தள்ளுவதும் அந்தக் கோல்தான், ஆழம் பார்ப்பதும் அந்தக் கோல்தான்.

நான் தவத்துக்குச் சொன்ன விதி சின்னது. கோலை ஊன்று. துணி நனையாவிட்டால் பயப்படாமல் வலையைப் போடு, அந்த இடத்துக்கு நேவியின் ரோந்துப் படகான கன்போட் வராது. துணி நனைந்தால் திரும்பி வா.

அன்று அவன் கோலுக்குத்தான் முதலில் கட்டினேன். அந்தக் கிழமைக்குள் எங்கள் துறையில் இருந்த பதினொரு வள்ளங்களின் கோல்களிலும் சிவப்புத் துணி ஏறிவிட்டது. சரசுவின் சட்டை போதாமல் அவளுடைய தமக்கையின் சேலைக் கரையையும் கிழித்தோம்.

போன கிழமை நான் எழுதியதைப் படித்துவிட்டு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “நீங்கள் கொழும்பில் தாளில் கீறிய படகுகளே பிறகு உங்கள் ஊர்க்கடலில் ஓடின என்கிறீர்களே, அதை எப்படிப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள்?” கேள்வியில் கொஞ்சம் குத்தல் இருக்கிறது. இருக்கட்டும். பதில் இந்த அத்தியாயம் முழுவதும் போகும்.

நீர்க்கோடு

நான் கடற்கரையில் பிறந்தவன், ஆனால் கடலுக்கு லாயக்கில்லாதவன். நீச்சல் வராது. வள்ளத்தில் ஏறினால் கால் மணித்தியாலத்தில் வாந்தி வரும். “இவனைப் படிக்க விடுறதை விட வேறை வழியில்லை” என்று சொல்லித்தான் என் தகப்பனார் என்னை உடுப்பிட்டியில் ஒரு உறவினர் வீட்டில் விட்டுப் படிப்பித்தார். அங்கிருந்து கொழும்பு. அங்கே படகு கட்டுகிற இடமொன்றில் படவரைஞர் வேலை கிடைத்தது.

கடலைக் கண்டால் குடல் புரளுகிறவனுக்குப் படகு கீறுகிற வேலை. என் மச்சான் நாகராசா, அதாவது சரசுவின் தமையன், இதைச் சொல்லிச் சொல்லியே பத்து வருஷம் சிரித்தார்.

பெரிய மேசை. மேசையில் வழுவழுப்பான தாள். மெல்லிய மரச்சட்டத்தை வளைத்து, ஈயக்கட்டிகளை வைத்து அமர்த்தி, அதன் ஓரமாகப் பென்சிலை ஓட்டினால் ஒரு படகின் விலா வரும். அப்படி விலா விலாவாகக் கீறி முடிய, குறுக்கே ஒரு நேர்கோடு. படகு தண்ணீரில் நிற்கும்போது தண்ணீர் எதுவரை வரும் என்பதைக் காட்டுகிற கோடு அது. நீர்க்கோடு என்போம். அதைக் கீறுகிற பொறுப்பு என்னுடையது.

நாங்கள் கீறிய ரோந்துப் படகு நாற்பதடிக்குச் சற்று மேல். முன்பக்கம் அலையைப் பிளக்கக் கூராக இருக்கும். பின்னால் போகப் போக அடி தட்டையாகும். இரண்டு பெரிய எஞ்சின். வேகம் எடுத்துவிட்டால் அது தண்ணீருக்குள் கிடந்து ஓடுகிற சாதி இல்லை, தண்ணீருக்கு மேலே ஏறி ஓடுகிற சாதி. அதற்காகத்தான் அடியைத் தட்டையாக்கியது. இந்த வசனத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். நான் வைத்திருக்கவில்லை.

முதலில் அதில் துப்பாக்கி இல்லை. கள்ளக்கடத்தல்காரரைத் துரத்தத்தான் படகு என்றார்கள். பாதி கீறி முடிந்த பிறகு, முன்தளத்தில் ஒரு பெரிய துப்பாக்கி நிற்க வேண்டும் என்று கடிதம் வந்தது. மூக்கில் அவ்வளவு பாரம் ஏற்றினால் படகு குனிந்துகொண்டு ஓடும். எண்ணெய்த் தாங்கியைப் பின்னுக்குத் தள்ளி, பற்றறிகளைப் பின்னுக்குத் தள்ளி, நாலு கிழமை மண்டையை உடைத்தோம். இதில் கோபப்பட்டுக்கொண்டு நின்றவன் நான்தான். துப்பாக்கி யாரைச் சுடப்போகிறது என்பதற்காக இல்லை. என் நீர்க்கோட்டை அழித்துத் திரும்பக் கீற வேண்டி வந்ததே என்று.

அந்தப் படகில் எனக்குப் பெருமையான இடம் ஒன்று இருந்தது. அடுப்படி. பத்துப் பேர் இருக்கிற படகு, ஒரே ஒரு அடுப்பு. அலையில் சோற்றுப்பானை சரியாதபடி அடுப்பைச் சுற்றி ஒரு இரும்பு வேலி வைத்தேன். என் சொந்த யோசனை. எங்கள் தலைமைப் படவரைஞர் அதைப் பார்த்துவிட்டு, “நீ சாப்பாட்டு ராமன்தான்” என்று சிங்களத்தில் சொல்லித் தோளில் தட்டினார்.

அவர் பாணந்துறைக்காரர். நல்ல மனிதர், நுணுக்கம் பார்க்கிற மனிதர். எந்தக் காலத்திலோ அவர் கணக்குப் பார்த்த படகொன்று மணலில் ஏறிக் கிடந்ததாம். அதற்குப் பிறகு அவரிடம் ஒரு சட்டம். படகுக்கு எத்தனை அடி தண்ணீர் வேண்டும் என்று யார் கேட்டாலும், வருகிற கணக்கோடு அரை அடி கூட்டித்தான் சொல்ல வேண்டும். ஆறு வருஷம் அவருக்குக் கீழே இருந்தேன். யாராவது ஆழம் கேட்டால் யோசிக்காமலே என் வாய் அரை அடியைக் கூட்டிக்கொள்ளும்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் நாங்கள் அகதிமுகாமில் இருந்தபோது அவர் தேடி வந்தார். பேப்பர் பை ஒன்றைக் கையில் தந்துவிட்டு அதிகம் கதைக்காமல் போனார். உள்ளே வட்டம் கீறுகிற என் கவராயப் பெட்டி இருந்தது. மேசையில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் சரசுவோடு சரக்குக் கப்பலில் வடக்கே வந்து இறங்கினேன்.

ஏழரை மணிப் படகு

நாங்கள் ஊருக்கு வந்து ஒரு வருஷத்துக்குள் அந்த ரோந்துப் படகுகளும் வந்தன. மேற்கே இருந்து காலை ஏழரை மணியளவில் ஒன்று கிழக்கே போகும், பின்னேரம் திரும்பும். எங்கள் துறையில் அதற்குக் கன்போட் என்று பெயர். நான் கொட்டில் வாசலில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். முன்தளத்தின் உயரம், பின்பக்கத்துச் சரிவு. நான் கீறியதுதான், சந்தேகமே இல்லை.

முதலில் வந்த உணர்ச்சி என்ன என்று உண்மையாக எழுத வேண்டும் அல்லவா? பெருமை. கீறியதைக் கடலில் பார்த்த பெருமை. ஒரு நிமிஷம் இருந்தது. பிறகு கரையில் நின்ற பெண்கள் கடலைப் பார்த்த பார்வையைப் பார்த்தேன். வெட்கமாகப் போய்விட்டது.

ஆழ்கடலுக்குப் போகக்கூடாது என்று தடை வந்திருந்தது. கன்போட் வருகிற தண்ணீரில் நிற்கிற வள்ளத்துக்கு என்ன நடக்கும் என்று எவருக்கும் நிச்சயமில்லை. சில நாள் பேசாமல் போகும். சில நாள் துரத்தும். சில நாள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். ஆகவே எல்லோரும் முழங்காலளவு தண்ணீரில் நண்டும் சின்ன மீனும் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். மீன் வெளியே நின்றது. கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் நண்டுத் திடல் என்று ஒரு மணல்மேடு உண்டு. தண்ணீருக்குள் கிடக்கிற மேடு. அதன் வெளி விளிம்பில் ஓரா மீன் கூட்டம் கூட்டமாக மேயும். அங்கே போகலாமா, கூடாதா என்பதுதான் துறை முழுவதன் பேச்சு.

இந்தப் பேச்சு நடக்கும்போது மச்சான் நாகராசாதான் வாயை விட்டார். “உவர்தானே அதைக் கீறினவர். உவரைக் கேளுங்கோவன்.”

மறுநாள் கொட்டிலில் நாலைந்து பேர். தவம் முன்னுக்கு நின்றான். முப்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு, எப்போதும் வெற்றிலை. சொந்தமாக ஒரு வள்ளம் வைத்திருந்தான். மச்சானும் அவனும் ஒன்றாகத் தொழிலுக்குப் போகிறவர்கள்.

“அண்ணை, ஒண்டு சொல்லுங்கோ. உந்தச் சனியன் ஓட எவ்வளவு தண்ணி வேணும்?”

எனக்கு அந்தக் கேள்வி இனித்தது. ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் நீச்சல் தெரியாத மாப்பிள்ளை, வாந்தி எடுக்கிற மாப்பிள்ளை. அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்த ஒன்றை அவர்கள் கேட்டார்கள்.

தாளை எடுத்துப் படகைக் கீறிக் காட்டினேன். நீர்க்கோட்டைப் போட்டேன். அடியில் தொங்குகிற விசிறிகளைக் காட்டி, “இதுதான் ஆகக் கீழை. இது நிலத்திலை முட்டினால் படகு முடிஞ்சுது. அதாலை இவ்வளவுக்குக் குறைஞ்ச தண்ணிக்குள்ளை அவன் வரமாட்டான்,” என்றேன்.

“எவ்வளவு எண்டு சொல்லுங்கோவன்.”

தாளில் இருந்த கணக்கு நாலரை அடி. என் வாய் சொன்னது ஐந்து.

எவரும் எதுவும் கேட்கவில்லை. மச்சான் மட்டும், “அஞ்செண்டால் திடலின்ரை வெளி விளிம்பும் எங்களுக்குத்தான்,” என்றார். எல்லோர் முகமும் மலர்ந்தது. நானும் மலர்ந்தேன். கவனமாக அரை அடி கூட்டிச் சொல்லியிருக்கிறேன் என்ற திருப்தி வேறு.

கணக்குத் தெரிந்தவர்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். படகு மணலில் ஏறாமல் இருக்க வேண்டுமானால் அரை அடி கூட்ட வேண்டும், அது படகோட்டிக்குச் செய்கிற காவல். படகுக்கு ஒளித்து நிற்கிறவனைக் காப்பாற்ற வேண்டுமானால் அதே அரை அடியைக் குறைக்க வேண்டும். நான் நாலு என்று சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. ஆறு வருஷப் பழக்கத்தில் ஐந்து என்றேன். ஒரு முழு அடித் தண்ணீரை, பாகத்துக்கு ஆறடி என்று இருபது முப்பது பாகம் அகலமுள்ள ஒரு கடல் துண்டை, பயமில்லாத இடம் என்று இவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சில மாதம் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. கன்போட் திடலை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, சுற்றி வளைத்து வெளியாலே போகும். எண்ணெய் மிச்சம் பிடிக்கிறான் என்றார் மச்சான். நான் கீறிய கோட்டுக்குப் பயந்து போகிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன். கைப்பிடிக் கம்பியில் அவர்கள் சாரம் காயப்போட்டிருப்பது கூடத் தெரியும். அடுப்படி வேலிக்குள் பானை ஆடாமல் இருக்கும் என்று யோசிப்பேன். வீடுகளில் ஓராக் குழம்பு மணந்தது. எங்கள் வீட்டுக்குத் தவத்தின் மனைவி புவனம் நாளாந்தம் ஒரு கோர்வை மீன் கொடுத்து அனுப்புவாள். “அண்ணைக்கு” என்று சொல்லித்தான் அனுப்புவாள்.

ஓடுகிற படகு

அன்றைக்குக் காற்று இல்லை. கடல் தட்டையாகக் கிடந்தது. ஏழரை மணிக்கு வர வேண்டியது ஒன்பதுக்குத்தான் வந்தது. சத்தத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. இரண்டு எஞ்சினும் முழு மூச்சில். றெசின் வாளியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன்.

திடலின் வெளி விளிம்பில் தவத்தின் வள்ளம் நின்றது. மச்சான் முன்பக்கம் அணியத்தில், தவம் பின்பக்கம் வலையைக் கையில் சுருட்டிக்கொண்டு. மற்ற வள்ளங்கள் உள்ளே, கரைப்பக்கமாக. கன்போட் திடலை நெருங்கியது. வேகத்தைக் குறைக்கவில்லை. வளையவில்லை. நேரே வந்தது.

நான் வாசலில் நின்று மனதுக்குள் சொன்னது இதுதான்: இப்போது முட்டப் போகிறது, இப்போது முட்டப் போகிறது.

முட்டவில்லை. மூக்கும் உடம்பும் சேர்ந்து தண்ணீருக்கு மேலே எழும்பி நின்றது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அடியின் நிறம் தெரிந்தது. தட்டையான அடி. ஏறி ஓடட்டும் என்று நாங்களே தட்டையாக்கிய அடி. நான் கீறிய கோடு நிற்கிற படகின் கோடு. ஓடுகிற படகுக்கு அந்தக் கோடு கிடையாது.

சுட்டார்களா என்று கேட்பார்கள். சுடவில்லை. வள்ளத்தைக் கண்டார்களா, காணவில்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. ஒரு இருபது பாகம் தள்ளி அது கடந்து போனது. அதன் பின்னால் அலை எழும்பியது. ஆழத்தில் அந்த அலை பரந்து போய்விடும். ஆழமில்லாத தண்ணீரில் அதற்குப் பரவ இடமில்லை, சுவராக எழும்பி வரும். வள்ளம் ஒருதரம் நிமிர்ந்தது, பிறகு கவிழ்ந்து அடிப்பக்கம் தெரிந்தது.

மற்ற வள்ளங்கள் போய்ச் சேர்ந்தபோது மச்சான் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு தவத்தின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். தவம் நல்ல நீச்சல்காரன். ஆனால் கையில் சுருட்டியிருந்த வலையோடு விழுந்துவிட்டான். அவனை எடுத்த இடத்தில் ஆள் நின்றால் தலை வெளியே தெரியும். அவ்வளவுதான் ஆழம்.

எனக்கு அந்த நேரத்தில் வந்த நினைவை இதுவரை சரசுவிடம்கூடச் சொன்னதில்லை. அந்தப் படகில் சோற்றுப்பானை சரிந்திருக்காது என்று நினைத்தேன்.

பத்துக் கோல்

அன்று பின்னேரமே பிரேதத்தை எடுத்துவிட்டார்கள். செத்தவீட்டில் எல்லோரும் நேவியைத் திட்டினார்கள். கன்போட்டைத் திட்டினார்கள். என்னை எவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் நாற்காலிகூடக் கொண்டுவந்து போட்டார். அதில் இருந்துகொண்டு, என் வாய்க்குள் கிடந்த அரை அடியை மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தும் சாப்பிட முடியவில்லை. சரசுவுக்குச் சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அவள் கேட்டது ஒன்றுதான். “இஞ்சாருங்கோ, மற்ற வள்ளங்களின்ரை கோலிலை இப்ப எங்கை கிடக்கு துணி?”

“அஞ்சிலை.”

“நாளைக்கு விடிய அவங்கள் போவாங்கள்.”

அதைத்தான் நான் யோசிக்காமல் இருந்தேன். என் குற்றத்தை நினைத்து அழுதுகொண்டிருந்தவன், அந்தப் பத்துத் துணியையும் மறந்துபோனேன். பேசாமல் இருந்தால் என் மரியாதை தப்பும். ஆனால் இன்னொரு செத்தவீடு வரும்.

விடிய முன்னர் கரைக்குப் போய்விட்டேன். அளவு நாடாவும் கத்தியும் கையில். ஒவ்வொரு வள்ளமாகப் போய் முடிச்சை அறுத்து, ஒரு அடி இறக்கிக் கட்டத் தொடங்கினேன். நாலாவது கோலில் நிற்கும்போது ஆட்கள் வந்துவிட்டார்கள்.

“என்ன செய்யிறீர்?” என்றார் கந்தசாமியண்ணை. துறையில் வயதில் மூத்த தொழிலாளி அவர்.

சொன்னேன். நாலரை என்றுதான் தாளில் இருந்தது என்பதைச் சொன்னேன். அரை அடி கூட்டியதைச் சொன்னேன். ஓடும்போது படகு எழும்பும், அப்போது இன்னும் குறைந்த தண்ணீர் போதும் என்பதை மறந்ததையும் சொன்னேன்.

ஒருவர் மணலில் துப்பினார். கந்தசாமியண்ணை மெதுவாகத்தான் கதைத்தார்.

“ஓடேக்கை போட் எழும்பும் எண்டு எங்களுக்குத் தெரியாதோ? எங்கடை பிளாஸ்டிக் போட்டும் எழும்புதுதானே. படிச்ச ஆள், கீறின ஆள் சொல்லுறார் எண்டு எங்கடை கண்ணாலை கண்டதை விட்டிட்டு உம்மடை துணியைப் பாத்தம்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் மச்சான் நின்றார். முதல்நாள் வள்ளத்தில் அடிபட்ட கை வீங்கியிருந்தது. இனி என் முகத்தில் முழிக்காதே என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“மிச்சத்தையும் கட்டும். கதை பிறகு,” என்றார்.

அவரே ஒவ்வொரு கோலாக நிமிர்த்திப் பிடித்தார். நான் கட்டினேன். பத்துக் கோலும் முடிய, என்னை அங்கேயே விட்டுவிட்டு ஒரு வள்ளத்தில் ஏறிப் போய், கன்போட் கடந்த பாதையில் கோலை ஊன்றிப் பார்த்துவிட்டு வந்தார். நாலே கால் அடி. அடிமணலில் முட்டிய தடம் ஒன்றும் இல்லை என்றார். அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை.

பதினோராவது கோல் தவத்தினுடையது. அது கடலோடு போயிருந்தது.

அந்தியேட்டிக்குப் பிறகு

புவனத்துக்கு எவரும் சொல்லவில்லை. அவளாகக் கேட்கவும் இல்லை. நான் நாளுக்கொருதரம் போய், வாசலில் நின்று ஏதாவது தேவையா என்று கேட்டுவிட்டு வருவேன். சொல்வதற்கு வாயைத் திறப்பேன். அவள் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவாள். திறந்த வாயை மூடிக்கொண்டு திரும்புவேன். கோழை என்று என்னை நானே திட்டிக்கொண்டு நடப்பேன்.

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை. கேணியில் முழுகி, கடமை முடித்து, எல்லோரும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார்கள். கை கழுவப் பின்பக்கம் போனபோதுதான் கண்டேன். வேலியோடு சாத்தியபடி அந்த மரக்கோல் நின்றது. கீரிமலைப் பக்கம் ஒதுங்கியதாம், துணியைக் கண்டு யாரோ அடையாளம் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்களாம். நான் கட்டிய சிவப்புத் துணி உப்பில் வெளிறி அப்படியே இருந்தது. வழுகவே இல்லை.

புவனம் சட்டிகள் கழுவிக்கொண்டிருந்தாள். “திங்கக்கிழமை என்ரை தம்பி அவரின்ரை வள்ளத்தை இறக்கப் போறான். அவன் உந்தக் கோலைத்தான் கேக்கிறான்,” என்றாள்.

இனி வாயை மூட வழியில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நாலரையை, அரையை, ஐந்தை. அவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஒரு மாதம் உதை மனசிலை வைச்சுக்கொண்டோ எங்கடை வாசலுக்கு வந்து போனனீங்கள்?”

“ஓம்.”

அவள் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நான் அவருக்குச் சொன்னனான் அண்ணை, உந்தத் துணி மட்டுக்கும் போகாதையுங்கோ, கொஞ்சம் உள்ளுக்கு நில்லுங்கோ எண்டு. அவர் சிரிச்சவர். ‘அண்ணை கவனமான ஆள். எங்களுக்கெண்டு அரை அடியாவது விட்டுத்தான் கட்டியிருப்பார்’ எண்டவர்.”

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், கழுவாத கையோடு நின்று.

அவள் வேலியடிக்குப் போய் மரக்கோலை எடுத்து வந்தாள். என் முன்னால் நிலத்தில் ஊன்றி, நிமிர்த்திப் பிடித்தாள்.

“எவ்வளவிலை கட்ட வேணும்?”

“நாலு.”

“நாலோ?”

கோலின் அடியிலிருந்து சாண் சாணாக அளந்து வந்து, நாலுக்கு அரை அடி கீழேயே கையை நிறுத்தினேன்.

“மூண்டரை,” என்றேன்.

பழைய முடிச்சு உப்பில் இறுகியிருந்தது. கத்தியால்தான் அறுக்க வேண்டி வந்தது. அதே துணியை உதறி, இடுப்புக்குச் சற்று மேலே, மூன்றரை அடியில் வைத்துச் சுற்றினேன். கோல் ஆடாமல் அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“இறுக்கிக் கட்டுங்கோ அண்ணை,” என்றாள்.